முன் ஆக்சிலுக்கு நான்கு கை

ஜூன் 3, செவ்வாய்

அளவுகளை எழுதிக் கொண்டுவந்தால்தான் வேலையில் கை வைப்பேன் என்று, போடியில் லேத் பட்டறை வைத்திருக்கும் கனி ராவுத்தர் சொல்லிவிட்டார். "உங்க அளவெல்லாம் உங்க தலைக்குள்ள பத்திரமா இருக்குண்ணே. என் மிசினுக்கு அது கேக்காது. தெனம் என்ன பாத்தீங்க, என்ன பண்ணீங்கன்னு தேதி போட்டு எழுதி வையுங்க."

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மனைவி வேலுத்தாய் எழுதுகிறாள். எட்டாவது வரை படித்தவள். நான் பேசுகிறபடியே எழுத மாட்டாள், பள்ளிக்கூடத்துத் தமிழாக மாற்றித்தான் எழுதுவாள். படித்துக் காட்டும்போது யாரோ பெரிய மனிதர் பேசுவதுபோல இருக்கிறது. இருக்கட்டும்.

வேலை இதுதான். எங்கள் செங்குளவி மெட்டிலிருந்து தார் ரோட்டுக்கு ஆறு கிலோமீட்டர். பாதை முழுக்கப் பாறையும் படியும். வேலுத்தாயின் அண்ணன் பவுன்ராசு மச்சானுக்குச் சிறுநீரகம் இரண்டும் நின்றுவிட்டன. செவ்வாயும் வெள்ளியும் கீழே போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். ஒரு தடவை விட்டால் மூச்சு முட்டும், இரண்டு தடவை விட்டால் தன்னால் எதுவும் செய்ய முடியாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். நாற்காலியை இரண்டு மூங்கிலில் கட்டி நான்கு ஆட்கள் சுமந்து போகிறார்கள். ஏலக்காய் எடுப்பு தொடங்கினால் அந்த நான்கு பேரும் மலைக்கு அந்தப் பக்கம் எஸ்டேட்டுக்குப் போய்விடுவார்கள். மாதக் கடைசிக்குள் போவார்கள்.

அதற்குள் என் ஜீப்பின் முன்பக்கத்தை மாற்ற வேண்டும். பட்டை ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, ஆக்சிலை நான்கு இரும்புக் கைகளால் பிடித்து, சுருள் ஸ்பிரிங்கில் உட்கார வைப்பது. ஒரு சக்கரம் பாறையில் ஏறினால் அந்தச் சக்கரம் மட்டும் ஏறும். உள்ளே இருக்கிறவர் தூக்கிப்போடப்பட மாட்டார்.

ஜூன் 4, புதன்

முன் பட்டைகளைக் கழற்றினேன். காலை ஏழிலிருந்து பதினொன்றரை வரை. வலது பக்க போல்ட் ஒன்று வரவில்லை, மண்ணெண்ணெய் ஊற்றி வைத்தேன்.

மூங்கில் சிம்பு வெட்டி ஆக்சிலுக்கும் வண்டியின் அடிச்சட்டமான சேஸுக்கும் நடுவே வைத்து அளவு எடுத்தேன். கீழ்க்கை இரண்டும் நீளம், மேல்கை இரண்டும் சற்றுக் குட்டை. வேலுத்தாய் சிம்புகளைத் தையல் டேப்பால் அளந்தாள். கீழ்க்கை முப்பத்தைந்து அங்குலம், மேல்கை முப்பத்தொன்று. நான்கும் முன்பின்னாகப் பிடிக்கும். பக்கவாட்டில் நழுவாமல் இருக்க, சேஸின் ஒரு பக்கத்திலிருந்து ஆக்சிலின் மறுபக்கத்துக்கு ஒரு குறுக்குக் கம்பி வேண்டும். அந்தக் கம்பியும் ஸ்டேரிங் கம்பியும் ஒரே நீளம், ஒரே சாய்வு இருந்தால் நல்லது. எஞ்சின் எண்ணெய்த் தொட்டி இடிக்கிறது. குறுக்குக் கம்பி எட்டு அங்குலம் குட்டையாகத்தான் வரும்.

மதியம் ரேஷன் கடைக்குப் போனேன். பருப்பு வரவில்லை.

ஜூன் 6, வெள்ளி

மச்சானைச் சுமந்து போனார்கள். காலை ஐந்தரைக்குக் கிளம்பி இரவு எட்டுக்குத் திரும்பினார்கள். வந்ததும் வேலுத்தாய் கஞ்சி கொண்டுபோனாள். அவர் வீடு எங்கள் வீட்டுக்கு அடுத்தது. மனைவி தவறி ஒன்பது வருடம் ஆகிறது.

நாற்காலியில் சுமந்து போகிற வழியில் சக்கரம் கழற்றின ஜீப்பை மச்சான் பார்த்துவிட்டு, "என்ன மாப்ளே, வண்டிக்கும் ஆப்பரேசனா" என்றார்.

"முன்பக்கம் மாத்துறேன் மச்சான்."

"யாருக்கு?"

"பொதுவுக்குத்தான்."

சிரித்துக்கொண்டு போய்விட்டார். எங்களுக்குள் பேச்சு உண்டு. பொங்கலுக்கு அவர் வீட்டுக் கரும்பு எங்கள் வீட்டுக்கு வரும். என் ஜீப்பில் ஏறுவதுதான் கிடையாது. தொண்ணூற்றொன்று தை பதினொன்றாம் தேதிக்குப் பிறகு ஏறவில்லை. அன்று என் முதல் ஜீப் ஏழாம் வளைவில் பள்ளத்தில் போனது. பதினேழு பேர் இருந்தோம். எல்லோரும் விளிம்பிலேயே தெறித்து விழுந்தோம், யார் உயிருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மச்சானுக்கு வலது கால் முட்டியில் மடங்காமல் போயிற்று. அதற்குப் பிறகு முப்பத்துநான்கு வருடம் இந்த ஆறு கிலோமீட்டரையும் கம்பு ஊன்றி நடந்தே இறங்கினார், ஏறினார். நான் ஜீப்போடு பக்கத்தில் போகும்போது ஒதுங்கி நின்று வழிவிடுவார். கையும் ஆட்டுவார்.

ஜூன் 8, ஞாயிறு

கனி போனில் பேசினார். "பட்டையே போதுமேண்ணே. நாலு பட்டையக் கொறச்சு, நீளமாப் போட்டா மெத்துன்னுதான் இருக்கும். எதுக்கு இந்த வம்பு? வயசு எழுபத்துநாலு ஆச்சு உங்களுக்கு."

பட்டை எவ்வளவு மெத்தென்று இருந்தாலும் பட்டைதான் என்றேன்.

"ஒடஞ்சா மாத்திக்கலாம்."

ஒடிவது எப்படி என்று அவருக்குச் சொன்னேன். அடுக்கில் எல்லாவற்றிலும் நீளமான தாய்ப் பட்டை நடு போல்ட்டுக்கு நான்கு விரல் தள்ளிக் கீறும். முதலில் தலைமயிர் மாதிரி ஒரு கோடு. ஒரு ஓரம் துரு ஏறிக் கறுத்திருக்கும், மறு ஓரம் அப்போதுதான் கீறினதுபோலப் பளபளக்கும். நகத்தை வைத்து இழுத்தால் மாட்டும். அப்படி இருந்தால் ஆறு கிலோமீட்டர் தாங்கும் என்றும் தோன்றும், தாங்காது என்றும் தோன்றும்.

கனி, "சரி, கையே போட்டுக்குவோம்" என்றார்.

ஜூன் 9, திங்கள்

மழை. வேலை இல்லை.

ஜூன் 12, வியாழன்

கனி ராவுத்தர் மேலே வந்தார். இரும்புக் கைகளைக் கீழேயே செய்து, மூட்டுகளில் ரப்பர் புஷ் ஏற்றி, கோணியில் சுற்றிக் கழுதையில் அனுப்பியிருந்தார். வெல்டிங் மிசினுக்கு எஸ்டேட் ஜெனரேட்டர் கிடைத்தது. அட்டைக்குப் பயந்து இரண்டு காலிலும் முட்டிவரை வேட்டித் துணி சுற்றி, உப்பு தடவி, நெருப்பு மிதிக்கப் போகிறவர் மாதிரி வந்து நின்றார்.

"ஏண்ணே, உங்க ஊரு அட்டைக்கு வெல்டிங் கண்ணாடிக்குள்ளயும் வழி தெரியுமா?"

"தெரியாது. சொல்லிக் குடுத்துராதீங்க."

சேஸில் கைகளை மாட்டும் காதுகளைப் பற்றவைத்தோம். ஆக்சில் தலை பின்னால் சாய வேண்டிய சாய்வைக் கண்ணளவில் சொன்னேன். அவர் ஒரு கருவி வைத்துப் பார்த்தார். அரை டிகிரி வித்தியாசம். நான் சொன்ன சாய்விலேயே வைத்துவிட்டார்.

ஜூன் 13, வெள்ளி

சுருள் ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஏறின. குறுக்குக் கம்பி இன்னும் ஏறவில்லை. வண்டி எந்த உயரத்தில் உட்காருகிறதோ, அந்த உயரத்தில் அது ஸ்டேரிங் கம்பியோடு சமமாகப் படுத்திருக்க வேண்டும். உயரம் பார்க்காமல் அதன் காதைப் பற்றவைக்கக் கூடாது.

கனி இங்கேயே தங்கிக்கொண்டார். மச்சானைச் சுமந்து போனவர்கள் திரும்ப ஒன்பது மணி. ஒருவனுக்குத் தோளில் தோல் உரிந்திருந்தது.

ஜூன் 14, சனி

உயரம் பார்க்க ஆள் வேண்டும் என்று தோட்டத் தொழிலாளர் லயத்து வீடுகளில் சொல்லி அனுப்பினேன். எடுப்புக்குப் போகும் பெண்கள் பதினான்கு பேர் வந்து ஏறினார்கள். முன்னால் நான்கு, பின்னால் எட்டு, முன் மட்கார்டில் பக்கத்துக்கு ஒன்று. எப்போதும் ஏறுகிற கணக்குதான்.

காமாயி முன் மட்கார்டில் உட்கார்ந்துகொண்டு ஆரம்பித்தாள். "ஏ மாமா, வண்டி ஓடுமா, இல்ல தேரு மாதிரி நிக்கிறதுக்கா?"

"அசையாம இரு. நீ அசஞ்சா அளவு அசையும்."

"நான் அசஞ்சா மலையே அசையும்."

"அதான் ஒன்ன முன்னால ஒக்கார வச்சுருக்கேன்."

கனி சேஸுக்கு அடியில் படுத்துக்கொண்டு, "சிரிக்காதீங்கம்மா, ஸ்பிரிங்கு துள்ளுது" என்றார். அதற்கு இன்னும் சிரித்தார்கள். ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்திருந்தோம். குறுக்குக் கம்பியும் ஸ்டேரிங் கம்பியும் தரைக்குப் படுக்கையாக, ஒன்றுக்கொன்று சமமாக வந்தன. அந்த இடத்திலேயே காதைப் பற்றவைத்தோம். பிறகு எல்லோருக்கும் டீயும் பன்னும்.

மச்சான் தன் வீட்டு வாசலில் நாற்காலியில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். வரவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

அதே பதினான்கு பேரோடு நான்காம் வளைவுவரை போய்த் திரும்பினேன். பெரிய பாறையில் இடது சக்கரம் ஏறியது. மடியில் வைத்திருந்த தூக்குவாளி சிந்தவில்லை என்று காமாயி ஊருக்கெல்லாம் சொல்கிறாள். கனி இறங்கிப் போய்விட்டார்.

இந்த மாதிரி வண்டியை நான் ஓட்டினதில்லை. பாறை அடியில் இருக்கிறது என்று கைக்குத் தெரிகிறது, முதுகுக்குத் தெரியவில்லை.

ஜூன் 20, வெள்ளி

சுமக்கிறவர்களுக்கு இன்று கடைசி நாள். இறங்கும்போது இரண்டாம் வளைவுப் பாசியில் முன் ஆள் வழுக்கி நாற்காலி சாய்ந்தது. மச்சான் விழவில்லை, கை மட்டும் பாறையில் உரசியது. திரும்பி வந்ததும் நான்கு பேரும் அவரைக் கும்பிட்டுச் சொல்லிக்கொண்டார்கள். நாளை போகிறார்கள். வேறு ஆள் கேட்டுப் பார்த்தோம். யாரும் இல்லை.

ஜூன் 21, சனி

மச்சானிடம் போய்க் கேட்டேன். வேலுத்தாயும் வந்தாள்.

"செவ்வாக்கிழமை ஜீப்புல போவோம் மச்சான்."

அவர் கையில் கட்டியிருந்த துணியைப் பிரித்துத் திரும்பக் கட்டினார். "வண்டி எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு."

"நல்லா இருக்கா?"

"பதினாலு பேரு ஏத்திப் பாத்தாச்சு. ஒரு கொறையும் இல்ல. நல்லா இருக்கு மச்சான்."

"அன்னைக்கும் இதத்தான் சொன்ன" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்வது மாதிரி சொன்னார்.

வேலுத்தாய், "அண்ணே, அது பட்டை ஒடஞ்ச வண்டி. இதுல பட்டையே கெடையாது" என்றாள்.

"தெரியும் தாயி. நான் மெதுவா நடந்து போயிக்கிறேன். திங்கக்கிழமையே கெளம்புனா செவ்வாய் காலைல சேந்துருவேன்."

அவரால் தன் வீட்டு வாசற்படியே இறங்க முடியாது.

ஜூன் 22, ஞாயிறு

சொல்ல ஒன்றும் இல்லை என்றேன். சும்மா தேதி மட்டும் போடு என்றேன்.

(வேலுத்தாய் எழுதுவது. இவர் தோட்டத்துப் பக்கம் போயிருக்கிறார். எட்டாம் தேதிப் பக்கத்தைத் திருப்பிப் படித்தேன். கீறின பட்டையின் ஒரு ஓரம் துரு, மறு ஓரம் பளபளப்பு, நகம் மாட்டும் என்று சொல்லி நானே எழுதியிருக்கிறேன். விழுந்த பிறகு பார்த்ததாக இருக்கும் என்று எழுதும்போது நினைத்தேன். அந்த ஜீப்பை யாரும் பள்ளத்திலிருந்து எடுக்கவில்லை. இறங்கிப் பார்த்தவரும் இல்லை. இவருக்கு அன்று விலா எலும்பு முறிந்து மூன்று மாதம் படுக்கை. இதை நான் அவருக்குப் படித்துக் காட்டப் போவதில்லை.)

ஜூன் 23, திங்கள்

காலையில் வண்டியைத் தனியாக எடுத்துக்கொண்டு போனேன். எதற்கு என்று வேலுத்தாய் கேட்டாள். சும்மாதான்.

இரண்டாம் வளைவு தாண்டி ஒரு சிறிய பள்ளத்தில் முன் சக்கரங்கள் இறங்கி ஏறின. ஸ்டேரிங் தானாக இடது பக்கம் இழுத்தது. மலையிலிருந்து இறங்கும்போது இடது பக்கம்தான் ஆழப் பள்ளம். பிடித்துத் திருப்பினேன். அடுத்த பாறையிலும் இழுத்தது. நின்று இறங்கிப் பார்த்தேன்.

பார்த்ததும் விளங்கிவிட்டது. ஐம்பது வருடம் இந்த மலையில் ஜீப் ஓட்டுகிறேன். காலியாக ஓட்டினதே இல்லை. ஏலத்தோட்டத்து ஜீப் என்றால் பதினான்கு பேர். என் கண்ணில் வண்டியின் உயரம் என்றால் அந்த உயரம்தான். கனிக்கும் அப்படித்தான், அவர் பார்த்த மலை ஜீப் எல்லாம் அப்படித்தான். ஆள் ஏற்றி அளவு பார்த்தது தப்பு என்று எங்கள் இரண்டு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நாளைக்குப் போகப் போகிறவர் ஒரே ஒரு நோயாளி. காலி வண்டியில் முன்பக்கம் மூன்று அங்குலம் தூக்கி நிற்கிறது. குறுக்குக் கம்பி குட்டை, ஸ்டேரிங் கம்பி நீளம். படுத்திருக்கும்போது இரண்டும் சேர்ந்து ஆடும். தூக்கிவிட்டால் ஆளுக்கொரு வட்டம் போடும். சக்கரம் ஏறி இறங்குகிற ஒவ்வொரு தடவையும் ஸ்டேரிங்கை ஒன்று இழுக்கும்.

கனிக்குப் போன் போட்டேன். காதை வெட்டி இறக்கிப் பற்றவைக்க வேண்டும், வெள்ளிக்கிழமைக்கு முன்னால் வர முடியாது என்றார். அதுவரைக்கும் முன் பம்பரில் மணல் மூட்டை கட்டி உயரத்தைக் குறைக்கச் சொன்னார்.

கட்டினேன். ஐந்து மூட்டை. ஓட்டிப் பார்த்தேன். இழுப்பு பாதியாகக் குறைந்தது. போகவில்லை.

கையால் சமாளிக்கக் கூடிய இழுப்புதான். என் கைக்கு அது ஒன்றுமில்லை. வெளியில் யாருக்கும் தெரியாது.

சாயங்காலம் நாலு மணிக்கு மச்சான் வீட்டுக்குப் போனேன். முகம் வீங்கியிருந்தது. கம்பை எடுத்துச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார். பக்கத்தில் ஒரு பையில் துண்டும் மாத்திரையும்.

"வண்டி நல்லா இல்ல மச்சான்" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தார். வேலுத்தாய் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள்.

"குலுங்குனா ஸ்டேரிங்கு இடது பக்கம் இழுக்குது. பள்ளத்துப் பக்கம். காலி வண்டிக்கு அளவு பாக்காம விட்டுட்டேன். மூட்டை கட்டிருக்கேன், பாதிதான் கொறஞ்சுருக்கு. வெள்ளிக்கெழமதான் சரிபண்ண முடியும்."

"எம்புட்டு இழுக்குது?"

"ஸ்டேரிங்குல ரெண்டு விரக்கடை. மூட்டை கட்டுன பெறகு ஒண்ணு."

"எந்த எடத்துலெல்லாம்?"

இடம் இடமாகச் சொன்னேன். எந்தப் பாறை, எந்தப் படி, எந்த வளைவில் இழுக்காது, எதில் இழுக்கும். ஒன்றையும் விடவில்லை. அவரும் அந்தப் பாதையைக் காலால் அறிந்தவர். நடுவே இரண்டு இடங்களைத் திருத்தினார்.

எல்லாம் சொல்லி முடித்த பிறகு கம்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அப்புறம் சொன்னார். "தை பதினொண்ணு காலைல நீ வண்டிக்கடியில படுத்துக்கிட்டு பட்டையில ட்யூப் ரப்பரச் சுத்துன. நான் அங்கிட்டு நின்னு பல்லு வெளக்கிக்கிட்டு இருந்தேன்."

நான் நின்றுகொண்டிருந்தேன்.

"பாத்துட்டுத்தான் வந்து கேட்டேன், வண்டி எப்படி இருக்கு மாப்ளேன்னு. நல்லா இருக்குன்ன. பொம்பளையாளுகள ஏத்தி விடுற கங்காணி நான். நான் வேணாமுன்னு சொல்லிருந்தா ஒருத்தரும் ஏறிருக்க மாட்டாக. சொல்லல. நீ சொல்லுவன்னு பாத்தேன். நான் சொல்லுவேன்னு நீ பாத்தியோ என்னமோ."

அதற்கு நான் என்ன சொன்னேன் என்பதை எழுத வேண்டாம் என்று வேலுத்தாயிடம் சொல்லிவிட்டேன்.

(எழுதவில்லை.)

வெளியே வரும்போது கூப்பிட்டார். "மாப்ளே, பின்னால மெத்தைய விரிச்சுப் படுக்கப் போட்டுறாத. பொணமா நான்? முன் சீட்டு குடு. பள்ளத்துப் பக்கம் நான் பாத்துக்கிறேன்."

ஜூன் 24, செவ்வாய்

காலை ஐந்தே முக்காலுக்குக் கிளம்பினோம். மழை இல்லை, மூடுபனி. காமாயியும் இன்னொரு பெண்ணும் மச்சானைத் தூக்கி முன் சீட்டில் உட்கார வைத்தார்கள். மடங்காத காலுக்குக் கீழே தலையணை வைத்தோம். வேலுத்தாய் பின்னால் உட்கார்ந்தாள். காமாயி மச்சான் காதில் என்னவோ சொன்னாள். அவர், "போடி கழுத" என்றார்.

மச்சான் இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு சக்கரத்தின் ஓரத்தையே பார்த்தார். பாறை வருவதற்கு முன்பே "இந்தா வருது" என்பார். நான் ஸ்டேரிங்கை வலது பக்கம் ஒரு விரல் பிடித்துக்கொள்வேன். இழுக்கும். நின்றுவிடும்.

நான்காம் வளைவில், "நிறுத்து" என்றார்.

நிறுத்தினேன். இறங்கிப் போய் இடது சக்கரம், கீழ்க்கை, மேல்கை, குறுக்குக் கம்பி, நான்கு புஷ்ஷும் தொட்டுப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. வந்து ஏறினேன்.

"சரி, போ" என்றார்.

ஐந்தாம் வளைவுக்கு முன்னால் திரும்பவும் நிறுத்தச் சொன்னார். அங்கே ஓட்டுகிற ஒருவனும் நிறுத்த மாட்டான், செங்குத்து இறக்கத்தில் வண்டி வழுக்கும். நிறுத்தினேன். வேலுத்தாய் இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைத்தாள். எல்லாம் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

ஏழாம் வளைவில் அவர் நிறுத்தச் சொல்லவில்லை. கடந்து வந்துவிட்டோம். பள்ளத்தின் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தார். நான் பார்க்கவில்லை.

தார் ரோடு தெரிகிற இடத்தில் மூன்றாம் தடவை நிறுத்தச் சொன்னார். அங்கே பாதை தட்டை. பாறை கிடையாது, இழுப்பதற்கு ஒன்றும் கிடையாது. நிறுத்தி இறங்கி, முன்னால் போய் மண்டியிட்டு முதலிலிருந்து எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தேன். எழுந்தபோது முட்டி இரண்டும் சேறு.

"ஏதாச்சும் சத்தம் கேட்டுச்சா மச்சான்?"

"இல்ல."

"இழுத்துச்சா?"

"இல்ல. சும்மா நிறுத்தச் சொன்னேன்."

"மொதல் ரெண்டு?"

"அதுவும் சும்மாதான்."

முட்டிச் சேற்றைத் தட்டிவிட்டு வண்டியில் ஏறினேன். பின்னால் வேலுத்தாய் மூக்கைச் சிந்தினாள்.

ஆஸ்பத்திரி ஆட்டோ கீழே காத்திருந்தது. மச்சானைத் தூக்கி அதில் மாற்றினோம். ஆட்டோ கிளம்பும்போது தலையை வெளியே நீட்டி, மதியம் நான் எத்தனை மணிக்கு வந்து நிற்பேன் என்று கேட்டார். மூன்று என்றேன். முன் சீட்டில் வேறு யாரையும் ஏற்றிவிடாதே என்றார்.